டெல்லியிலிருந்து ஏரிக்கரைக் கூடாரம்: சாத்தாலா, தேவரியா தாலா, பராசர் ஏரியா?

தீபாவளி முடிந்த கையோடு இரண்டு ராத்திரி டெல்லியை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதில் எங்கள் மயூர் விஹார் கூட்டத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த நாட்களில் இங்கே காற்று மாசால் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை, குழந்தைகளின் இருமலும் நிற்பதில்லை. பைன் மரங்களுக்கு நடுவே ஓர் ஏரி, பக்கத்தில் கூடாரங்கள், எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக. இதுவரை சரி. எந்த ஏரி என்று கேட்டதும் வாட்ஸாப்பில் நான்கு பெயர்கள் வந்தன: உத்தராகண்டில் சாத்தால், தேவரியா தால், இமாச்சலத்தில் பராசர் ஏரி, கரேரி. கூடவே, "ஏன், நம்ம கொடைக்கானலுக்கே போகலாமே" என்று ஒரு குரல். கொடைக்கானலை இரண்டு வரியில் முடித்துவிடலாம். டெல்லியிலிருந்து மதுரைக்கு விமானம், அப்புறம் மலைப்பாதை, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. அவ்வளவு பாடுபட்டு பேரிஜம் ஏரிக்குப் போனாலும் வனத்துறை அனுமதியோடு பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இமயமலை ஓர் இரவுப் பயணத்தில் இருக்கும்போது அது தேவையில்லை.

மிச்சம் நான்கு. என் கட்சி சாத்தால். அது நான்கிலும் அழகானது என்று சொல்ல மாட்டேன். அழகில் பராசர் ஏரியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் நாங்கள் பதினெட்டுப் பேர். அதில் ஆறு வயதுக் குழந்தையும் உண்டு, முழங்கால் வலியோடு வரும் அறுபத்தெட்டு வயது மாமியும் உண்டு. படங்களில் நாம் பார்ப்பதெல்லாம் பகல். கூடாரத்தில் கழிக்கப்போவது இரவு. நவம்பர் நடுவில் சாத்தால் இருக்கும் குமாவுன் பக்கம் மாலை ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். மறுநாள் உதிக்க ஆறரை ஆகும். பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே இரவுதான். அந்த நேரத்தை மாமியும் குழந்தையும் எங்கே நிம்மதியாகக் கழிப்பார்கள் என்று யோசித்தால் பட்டியல் தானாகவே சுருங்கும்.

முதலில் மரங்களைப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லோரும் கேட்டது பைன் காடு. இமயமலையில் நாம் பொதுவாகப் பைன் என்று சொல்வது சிர் பைன். உள்ளூர்க்காரர்களுக்கு அது சீட் மரம். ஏறக்குறைய 500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரைதான் அது காடாக நிற்கும். மேலே ஏற ஏற பாஞ்ச் என்கிற ஓக், வசந்தத்தில் சிவப்பாகப் பூக்கும் புராஞ்ச், தேவதாரு, கைல் என்கிற நீலப் பைன் என்று மாறிக்கொண்டே போகும். இன்னும் மேலே மரமே இல்லாத புல்வெளி. கீழே கிடக்கும் ஊசி இலைக் கொத்தை எடுத்துக் குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். கொத்துக்கு மூன்று ஊசி என்றால் சிர் பைன், ஐந்து என்றால் கைல். ஆக, பைன் காட்டுக்குள் ஏரி வேண்டும் என்றால் தேட வேண்டியது 1,000 முதல் 2,000 மீட்டர் உயரத்தில். நான்கு ஏரிகளில் அந்த உயரத்தில் இருப்பது சாத்தால் ஒன்றுதான், சுமார் 1,370 மீட்டர். தேவரியா தால் 2,438 மீட்டர், ஓக்கும் புராஞ்சும் சூழ்ந்தது. பராசர் ஏரி 2,730 மீட்டர், சுற்றிலும் திறந்த புல்சரிவு. கரேரி 2,934 மீட்டர். போகும் வழியில் பைன் உண்டு, ஏரியருகே பாறையும் புல்லும்தான்.

உயரம் கூடினால் குளிர் கூடும் என்பது தெரிந்ததுதான், எவ்வளவு என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். சாத்தாலுக்கும் பராசருக்கும் 1,360 மீட்டர் வித்தியாசம், அதாவது ஒன்பது டிகிரி. நவம்பரில் சாத்தால் இரவு நம் டெல்லியின் டிசம்பர் இரவு மாதிரி: ஸ்வெட்டர், குல்லா, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இருந்தால் சமாளிக்கலாம். அதிலிருந்து ஒன்பது டிகிரியைக் கழித்தால் தண்ணீர் உறையும் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் குளிரில் நடுராத்திரி குழந்தையை எழுப்பிக் கூடாரத்துக்கு வெளியே கழிப்பறைக்குக் கூட்டிப் போவதை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

சமையலும் மாறும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. பராசர் ஏரியில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் லேசில் மசியாது. சாத்தாலில் 95 சொச்சம். அங்கேயும் குக்கர் எடுத்துப் போவது நல்லது, ஆனால் சாதமும் சாம்பாரும் வீட்டு நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகவாவது வந்துவிடும். பதினெட்டுப் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பராசர் ஏரியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. மண்டி ஊரிலிருந்து சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வண்டி ஏரிக்குப் பக்கம் வரை போகும். பாகி கிராமத்திலிருந்து காட்டு வழியாக நடந்தும் ஏறலாம். ஏரியில் வட்டமாக ஒரு புல்திட்டு மிதந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரையில் பராசர முனிவருக்கு மூன்றடுக்கு மரக்கோயில்; 13ஆம் நூற்றாண்டில் மண்டி அரசர் பான் சென் கட்டியதாகச் சொல்கிறார்கள். காலையில் தௌலாதார் மலைத்தொடர் வெளுத்துத் தெரியும்போது பேச்சு நின்றுவிடும். புனித ஏரி என்பதால் யாரும் இறங்குவதில்லை, கரையை ஒட்டிக் கூடாரம் போடவும் விடுவதில்லை. முகாம்கள் தள்ளித்தான். வன ஓய்வு இல்லம் ஒன்று உண்டு, பதினெட்டுப் பேருக்கு அது போதாது. கல்லூரி வயதுப் பிள்ளைகளோ நாற்பதுக்குக் கீழே உள்ள நண்பர்கள் கூட்டமோ என்றால் அக்டோபரில் கண்ணை மூடிக்கொண்டு பராசருக்குப் போகச் சொல்வேன். டெல்லி கஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து இரவு மணாலி பஸ் ஏறினால் விடிகாலை மண்டி.

தேவரியா தாலுக்கு எங்கள் கூட்டத்தில் ஆதரவு அதிகம், குறிப்பாகப் பெரியவர்களிடம். யட்சன் தருமரைக் கேள்வி கேட்ட பொய்கை இதுதான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காற்றில்லாத காலையில் 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் தண்ணீரில் தலைகீழாக அப்படியே தெரியும். இன்னொரு ஈர்ப்பும் உண்டு. ஆண்டுதோறும் தீபாவளியை அடுத்து வரும் பாய் தூஜ் பண்டிகை அன்று கேதார்நாத் கோயில் நடை சாத்தி, உற்சவரை உகீமட் ஓங்காரேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். குளிர்காலப் பூசை அங்கேதான். தேவரியா தாலுக்குப் போகும் வழியில்தான் உகீமட். யாத்திரைக் கூட்டமும் அதற்குள் குறைந்துவிடும். கேதார்நாத் ஏற முடியாதவர்கள் அங்கே கும்பிட்டுவிட்டு வரலாம் என்று மாமி சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

ஆனால் வழியைப் பாருங்கள். டெல்லியிலிருந்து ரிஷிகேஷ் வரை ஒரு பயணம். அங்கிருந்து தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, உகீமட் தாண்டி சாரி கிராமம் வரை மலைப்பாதையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், முழுப் பகலும் வளைவுகள். வாந்தி வரும் குழந்தைகள் இருந்தால் அந்த நாளே போய்விடும். சாரியிலிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர் ஏற்றம் நடந்துதான் தீர வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போட விடுவதில்லை, தள்ளித்தான் போட வேண்டும். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மேல்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கவே தடை போட்ட பிறகு அந்தப் பகுதியில் கெடுபிடி கூடியிருக்கிறது. அது நியாயமும்கூட, ஏறின கூட்டமெல்லாம் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு இறங்கினால் வேறென்ன செய்வார்கள்? இரண்டு ராத்திரி விடுமுறையில் இதை அடக்க முடியாது. நான்கு நாள் கிடைக்கும்போது, முகாம் என்று நினைக்காமல் உகீமட் யாத்திரை என்று வைத்துக்கொண்டு, சாரி கிராமத்து வீடுகளில் தங்கி, நடக்க முடிந்தவர்கள் மட்டும் ஏரிக்கு ஏறிவிட்டு வருவதுதான் சரி.

கரேரி நடப்பவர்களின் ஏரி. தரம்சாலா பக்கத்துக் கரேரி கிராமத்திலிருந்து கிட்டத்தட்ட முழு நாள் ஏற்றம், டிசம்பரிலிருந்து மார்ச் வரை உறைந்து கிடக்கும். எங்கள் கூட்டத்துக்குப் பொருந்தாது.

இனி சாத்தால். பழைய டெல்லி ஸ்டேஷனில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடியும் முன்னே காத்கோதாம், ரயில் பாதை முடிகிற இடம். அங்கிருந்து ஜீப்பில் பீம்தால் வழியாக ஒரு மணி நேரம் சொச்சம். மலைப்பாதை என்று அவ்வளவுதான். சாலையில் போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நவம்பரில் காற்று கெட்டுப்போய், மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் மூன்றாம் கட்டத்தை அறிவித்தால், பிஎஸ்-4 என்கிற பழைய புகைத் தரத்து டீசல் கார்களை டெல்லியிலும் நொய்டா, காஜியாபாத் பக்கமும் ஓட்டக் கூடாது. வாடகை வண்டி பேசும்போதே அது பிஎஸ்-6 தானா என்று கேட்டுவிடுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பதால்தான் நான் ரயில் பக்கம்.

சாத்தால் ஒரே ஏரி இல்லை. ராமர், லட்சுமணர், சீதை பெயரில் ஒட்டி ஒட்டி மூன்று, கொஞ்சம் தள்ளி கருடன், நள தமயந்தி என்று சின்னச் சின்ன ஏரிகள். சரிவுகளில் சிர் பைன், பள்ளங்களில் ஓக். பறவை பார்ப்பவர்கள் இந்தியா முழுவதிலிருந்தும் பெரிய பெரிய கேமராவோடு இதற்கென்றே வருகிறார்கள். 1930-ல் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் தொடங்கிய ஆசிரமம் இன்றும் ஏரிக்கு மேலே இருக்கிறது. மாநில அரசு நிறுவனமான குமாவுன் மண்டல் விகாஸ் நிகமின் சுற்றுலா விடுதியும் உண்டு. எனக்கு முடிவைத் தந்தது இந்த விடுதிதான். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கட்டிலும் கதவும் உள்ள அறையில் படுக்கலாம், மற்றவர்கள் நடந்து போகும் தூரத்தில் கூடாரத்தில் படுக்கலாம். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே இடத்தில். அவசரம் என்றால் ஹல்த்வானியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அதே ஒரு மணி நேரத் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். சாரியிலிருந்தோ பராசரிலிருந்தோ ராத்திரியில் நோயாளியை இறக்குவது வேறு கதை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அங்கே கூட்டம் அதிகம், படகுத்துறைப் பக்கம் ஸ்பீக்கர் பாட்டு, மேகி கடைகள். பனிச்சிகரம் தண்ணீரில் தெரியும் காட்சி கிடையாது. ஞாயிறு சாயங்காலம் வண்டிகள் இறங்கிப் போன பிறகுதான் ஏரி ஏரியாக இருக்கும். அதனால் வார இறுதியில் போகாதீர்கள். குரு நானக் ஜயந்தி விடுமுறை நவம்பரில் வார நடுவில் வந்தால், முன்னோ பின்னோ ஒரு நாள் லீவு போட்டு இரண்டு ராத்திரி ஆக்கிக்கொள்ளலாம். அது பௌர்ணமி என்பதால் குழந்தைகளுக்கு இருட்டுப் பயமும் குறையும். நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பவர்கள் அமாவாசைப் பக்கம் போகட்டும். தசரா விடுமுறையும் யோசித்தோம். வீட்டில் கொலு வைத்துவிட்டு எப்படிக் கிளம்புவது?

வசந்தத்திலும் கோடையிலும் போகலாமா என்று கேட்டார்கள். மார்ச் முதல் பாதி நல்லது. ஏப்ரலிலிருந்து எனக்கு விருப்பமில்லை, காரணம் தீ. உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலம். சிர் பைன் ஊசிகளை அங்கே பிருல் என்கிறார்கள். வெயிலில் காய்ந்து தரையெல்லாம் மெத்தையாகக் கிடக்கும், ஒரு பொறி போதும். மரத்தை நெருங்கிப் பார்த்தால் ஏன் இப்படிப் பற்றுகிறது என்று புரியும். அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி, கீழே கூம்பு மாதிரி ஒரு கிண்ணத்தை மாட்டியிருப்பார்கள். அதில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிசின் சொட்டிச் சொட்டி உறைந்து நிற்கும், டர்பன்டைன் வாசனை அடிக்கும். டர்பன்டைன் எடுப்பதே இதிலிருந்துதான். குழந்தைகள் விரலை விடாமல் இருக்க மாட்டார்கள். சோப்புக்கு அந்தப் பிசுக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போய்விடும். 2024 ஏப்ரல் கடைசியில் நைனிதால் பக்கக் காடு எரிந்தபோது விமானப் படையின் ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து தண்ணீரை மொண்டுபோய் ஊற்றியது. அடுத்த மாதமே பிருல் சேகரித்துக் கொடுப்பவர்களுக்குக் விலையைக் கிலோவுக்கு 50 ரூபாயாக உயர்த்துவதாக மாநில அரசு அறிவித்தது. ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும். ஆக அக்டோபர், நவம்பர், மார்ச் முன்பாதி.

நவம்பரிலும் பைன் சருகின் மேல் கேம்ப்ஃபயர் போட அனுமதிக்காதீர்கள், முகாம்காரர் "ஒன்றும் ஆகாது" என்றாலும்கூட. சருகை நன்றாகப் பெருக்கிவிட்டு, தரையிலிருந்து தூக்கி வைத்த இரும்புச் சட்டியில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு என்றால் சரி. காப்புக் காட்டில் விறகு பொறுக்குவது குற்றம், விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: அங்கீட்டி என்கிற கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ எடுத்துப் போகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டி மரணச் செய்தி வருகிறது. கூட்டத்தில் ஒருவர் படுக்கும் முன் எல்லாக் கூடாரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

சொந்தக் கூடாரமா, முகாமில் போட்டு வைத்த கூடாரமா என்ற கேள்விக்கு, பதினெட்டுப் பேருக்கு முகாம்தான். சொந்தக் கூடாரத்தில் சுதந்திரம் உண்டு. எங்களில் இரண்டு பேரிடம் இருக்கிறது, அவர்கள் கொண்டுவரட்டும். ஆனால் இத்தனை பேருக்கு வாடகைக் கூடாரம், பாய், ஸ்லீப்பிங் பேக் என்று ரயிலில் ஏற்றி இறக்குவதற்குள் விடுமுறையில் பாதி போய்விடும். வன நிலத்தில் நாமாகப் போய்க் கூடாரம் அடிக்கவும் முடியாது, வனக்கோட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். முகாம் பேசும்போது நான் கேட்பவை சில. நிலம் பட்டா நிலமா, சுற்றுலாத் துறையில் பதிவு இருக்கிறதா? கழிப்பறை எத்தனை, அதில் எத்தனை மேற்கத்திய மாதிரி? எட்டுப் பேருக்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் காலையில் வரிசை நிற்கும். கழிவு எங்கே போகிறது? ஏரியை நோக்கிப் போகிறது என்று சந்தேகம் வந்தாலே அந்த முகாம் வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் பாட்டு நிற்குமா?

கூடாரம் ஏரியை ஒட்டி இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், ராத்திரிக்கு நன்றாக இராது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த்தான் தேங்கும். விடியும்போது துணி உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேட்டில் இருக்கட்டும். அது ஏரிக்கும் நல்லது. மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பைன் சருகு படுக்க மெத்தென்று இருக்கும், சரிவில் நடந்தால் வழுக்கும். மாமிக்கு ஒரு கைத்தடியும், ரப்பர் அடி பிடிக்கும் ஷூவும் அவசியம். சிறுத்தை நடமாடும் மலை அது. இருட்டிய பிறகு குழந்தைகள் பெரியவர் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு நகரக் கூடாது. படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிந்தவர் உட்பட.

சாப்பாட்டை முகாம்காரரிடமே விட்டுவிடலாம், ராஜ்மாவும் ரொட்டியும் நன்றாகவே செய்வார்கள். ஒரு வேளை மட்டும் நம் சமையல் வேண்டும் என்பது பொதுக் கோரிக்கை. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வீட்டிலிருந்து, பாலும் காய்கறியும் பீம்தாலில்.

முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது, பண்டிகை வாரத்தில் காத்கோதாம் பக்க ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதினெட்டுப் பேரை ஒரே டிக்கெட்டில் போட முடியாது, ஆறு ஆறாக மூன்று டிக்கெட். மாமிக்கும் மற்ற மூத்தவர்களுக்கும் லோயர் பெர்த். நிகம் விடுதியில் இரண்டு அறைகளை முதலில் உறுதி செய்துவிட்டுத்தான் முகாமுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அறை கிடைக்கவில்லை என்றால் இரண்டு நாள் தள்ளிப் பார்க்கலாம், அறை இல்லாமல் போக வேண்டாம். வர விரும்புகிறவர்கள் வயதையும், மூச்சிரைப்போ சர்க்கரையோ இருந்தால் அதையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.